பழைய பிக்கப்பில் ஹைட்ராலிக் கிளட்ச்: கேள்வி பதில்

ஆலங்குளம்: அண்ணாச்சி, பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏத்துற வண்டி. ரிவர்ஸ் போட்டா கரகரங்குது. பெடலை ரெண்டு மூணு தடவ அடிச்சு மிதிச்சா கியர் விழுது. கியர்பாக்ஸை இறக்கணும்னு மெக்கானிக் சொல்லுதாரு.

இப்ப இறக்க விடாதீங்க தம்பி. அடிச்சு மிதிச்சா விழுதுன்னா கோளாறு பெரும்பாலும் ஆயில் லைன்லதான். பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைப் பைப்ல தள்ளும், அடியில ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்துல ராடைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். இன்ஜினை அணைச்சு, சக்கரத்துக்குக் கல் வச்சுட்டு, ஒருத்தரைப் பெடல் மிதிக்கச் சொல்லுங்க. அடியில ஸ்லேவ் சிலிண்டர் ராடு பக்கத்துல ஸ்கேலைப் பிடிச்சு, முதல் மிதிக்கு ராடு எவ்வளவு தள்ளுது, விடாம அடிச்ச மூணாவது மிதிக்கு எவ்வளவுன்னு பாருங்க. மூணாவதுல கூடுதலாத் தள்ளினா லைன்ல காத்து இருக்கு, இல்ல சிலிண்டருக்குள்ள ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வாசர் தேஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணுபோல, மேனுவல்ல சொன்ன அளவுக்கே தள்ளியும் கரகரங்குதுன்னாதான் கியர்பாக்ஸை இறக்கி பிரஷர் பிளேட், ரிலீஸ் போர்க், பைலட் பேரிங்னு கிளட்சுக்கு உள்ளே இருக்கிற பாகங்களைப் பார்க்கணும்.

அடுத்து பெடலை மிதிச்சபடியே பிடிங்க. மெல்லக் கீழே இறங்குது, மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கிற டப்பாவுல ஆயில் குறையலைன்னா மாஸ்டர் சிலிண்டர் வாசர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுது. குறையுதுன்னா ஸ்லேவ் முனையில இருக்கிற ரப்பர் உறையைத் தூக்கி, கசிவு இருக்கான்னு பாருங்க. பெடல் ராடு மாஸ்டருக்குள்ள நுழையிற இடத்தையும் விரலால தடவுங்க. அங்க கசிஞ்சா கேபின்ல மேட்டுக்கு அடியில வடிஞ்சு பெயின்ட் உரிஞ்சிருக்கும்.

களக்காடு: வாழைத்தார் லோடு. காலையில நல்லா இழுக்கு, சூடேறினா கிளட்ச் வழுக்குது. புது கிளட்ச் பிளேட் போட்டும் அதே கதை.

பிளேட் மேல பழி போடாதீங்க. பெடல் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவுல துளி இடைவெளி இல்லாம டைட்டா வச்சிருப்பாங்க. அப்போ பிஸ்டன் முழுசாப் பின்னுக்கு வராம, டப்பாவுக்கு ஆயில் திரும்புற சின்னத் துளையை மூடிக்கிடும். சூட்டுல விரியிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்ல. ஸ்லேவைத் தள்ளிக்கிட்டே இருக்கும், கிளட்ச் பாதி மிதிச்ச நிலையிலேயே நிக்கும்.

வழுக்கும்போதே ஓரமா நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, மாஸ்டர்ல பைப் சேருற நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஆயில் பீச்சி, கிளட்ச் பிடிச்சுட்டா கோளாறு மாஸ்டர்ல, இல்ல அந்த ராடு செட்டிங்ல. அங்க ஒண்ணும் வராம, கீழே ஸ்லேவ்ல காத்து வெளியேத்துற நிப்பிளைத் திறக்கும்போது பீச்சினா ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைச்சிருக்கு. ஹோஸை மாத்துங்க. பிறகு லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தி ஏர் எடுக்காம வண்டியை எடுக்காதீங்க.

அம்பாசமுத்திரம்: அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊத்தலாமா?

கூடாது. பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கூடாது. ரப்பர் ஊதி மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூணும் போயிரும். டப்பா மூடியில டாட் 3, டாட் 4னு எந்த வகை பிரேக் ஆயில் போட்டிருக்கோ அதுதான்.

வள்ளியூர்: மாஸ்டருக்கு வாசர் மட்டும் மாத்துற கிட் போதுமா, முழுசா மாத்தணுமா?

சிலிண்டர் உள்சுவரைத் துடைச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருந்தா கிட் போதும். புள்ளி புள்ளியா அரிச்சிருந்தா புது வாசரை அது சீக்கிரமே அறுத்திரும். அப்ப முழுசா மாத்துங்க.

மேலப்பாளையம்: எமரி போட்டுத் தேச்சா சரியாயிரும் அண்ணாச்சி. லோடு வண்டிக்காரன் புதுசுக்கு எங்க போவான்?

வார்ப்பிரும்புல லேசான கறைன்னா மெல்லிய எமரி ஒத்துக்கிடும். குழி போகாது. போகுற வரைக்கும் தேச்சா சிலிண்டர் உள்விட்டம் பெருத்து வாசர் பிடிக்காது. அலுமினியம்னா மேல இருக்கிற கெட்டித் தோலே போயிரும், தேய்க்கவே கூடாது. காசு கஷ்டம் தெரியும். ஆனா பாபநாசம் மலை ஏத்தத்துல லோடோட கியர் மாறாம நின்னா, மிச்சம் பிடிச்ச காசுக்கு மேல போகும்.

மேலப்பாளையம்: அப்போ ஸ்லேவுக்கு மட்டுமாவது கிட்?

அதே டார்ச், அதே கணக்குதான். ஒண்ணு தேஞ்சா மத்ததும் அதே வயசு. ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க.

நாங்குநேரி: கியர் விழல, என்ன செய்ய?

ஆலங்குளத்துக்குச் சொன்னதைப் பாருங்க. ஸ்கேல் வைக்காம கேக்காதீங்க.

சங்கரன்கோவில்: எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாவே இருக்கு.

நிப்பிள் ஸ்லேவோட மேல்பக்கம் இருக்கான்னு பாருங்க, தலைகீழா மாட்டியிருந்தா காத்து வெளிய வராது. சரியா இருந்தா பெரிய சிரிஞ்சுல புது ஆயிலை நிப்பிள் வழியாக் கீழேயிருந்து மெல்லத் தள்ளுங்க, காத்து தானா மேல ஏறி டப்பாவுக்குப் போகும். டப்பா வழியாம ஒருத்தர் பாத்துக்கிடணும். இன்ஜின் ஆயில் பட்ட சிரிஞ்சை எடுத்துராதீங்க.

பேட்டை: பெடலை மிதிச்சா கீச்சுன்னு சத்தம், விட்டா இல்ல.

பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்துற பேரிங். அதுதான்னா கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணும்.

திசையன்விளை: என் வண்டியிலயும் கியர் கரகரங்குது, பிளேட் மாத்தவா?

ஸ்கேல், தம்பி. முதல்ல ஸ்கேல்.