அசிட்ரெட்டின் மாத்திரை: சொரியாசிஸ்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஈரோடு பக்கம் அரசு மருத்துவமனை ஒன்றில், தோல் பிரிவு நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் இருந்தவள் நான். மருந்தாளுநர், டாக்டர் அல்ல. மாத்திரை அளவைக் கூட்டவா குறைக்கவா என்று என்னிடம் கேட்க வேண்டாம். அது உடம்பைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. மருந்து என்ன செய்யும், எதோடு சேரக் கூடாது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள்.

கோபியிலிருந்து: அக்கா, எங்க அப்பாவுக்கு ரொம்ப வருசமா சொரியாசிஸ். போன வாரம் உடம்பெல்லாம் சிவந்து, சின்னச் சின்னதா சீழ்க்கொப்புளம் வந்துருச்சுங்க. டாக்டர் அசிட்ரெட்டின் 25 மில்லிகிராம் எழுதியிருக்கார். நல்ல மருந்துங்களா?

அப்பாவுக்கு வந்திருக்கும் வகைக்கு ஏற்ற மருந்துதான் தம்பி. இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. அந்த அவசரத்தை இந்த மருந்து அடக்குகிறது. சீழ்க்கொப்புள வகை, உடம்பு முழுக்கச் சிவக்கும் வகை, உள்ளங்கை உள்ளங்காலில் தடிக்கும் வகை இவற்றில்தான் இதன் பலம் நன்றாகத் தெரியும். கொப்புளம் சீக்கிரமே வற்றத் தொடங்கலாம். தடித்த படைக்கு 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் சிவப்பும் அரிப்பும் கொஞ்சம் கூடினாலும் கூடும். அதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு நல்ல குணம், இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதில்லை. அதனால்தான் முன்பு காசநோய் வந்தவர்களுக்கும், மற்ற மருந்துகளைக் கொடுக்கத் தயங்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் இதை யோசிக்கிறார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். அப்பா ஏதாவது பொட்டலப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா? பெயர் எழுதாத ஊசி போட்டுக்கொண்டாரா? ஒரே வாரத்தில் தோலைப் பளபளவென்று ஆக்கும் பொட்டலத்துக்குள் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திடீரென நிறுத்தினால் இப்படிச் சீழ்க்கொப்புளமாக வெடிக்கலாம். அப்படி எதுவும் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

பெருந்துறையிலிருந்து: காலைல கம்மங்கூழு குடிச்சிட்டு மாத்திரை போடறேனுங்க. சரிங்களா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இது கொழுப்பில் கரையும் மருந்து. வெறும் வயிற்றில் போடுவதைவிடச் சாப்பாட்டோடு போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உள்ளே போகும். கூழில் கொழுப்பு ரொம்பக் குறைவு. ஒரு முட்டையோ, கடலை எண்ணெயில் தாளித்த பொரியலோ இருக்கிற வேளைதான் சரியான வேளை. தினமும் அதே வேளையில் போடுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கு இருபத்தி நாலு வயசுங்க. தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கறோம். கையிலயும் முதுகுலயும் படை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அதுக்குள்ள தோல் சுத்தமாகோணும். சொந்தத்துல ஒருத்தருக்கு இந்த மாத்திரைல நல்லாப் போச்சுன்னாங்க. வாங்கிக் குடுக்கலாங்களா?

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

இந்த மருந்து சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தையின் முகம், மூளை, இதயம், எலும்பு இவற்றில் கடுமையான குறை வரலாம். மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து அதோடு முடிவதில்லை. நிறுத்திய பிறகு 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது. தையில் கல்யாணம் ஆன பெண்ணிடம் ஆடிக்குள்ளேயே "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஊர் நம் ஊர். மாத்திரை சாப்பிட்டதையே மறைத்த வீட்டில், மூன்று வருடம் தள்ளிப்போடுவதற்கு அந்தப் பெண் என்ன காரணம் சொல்வாள்? அந்த அழுத்தம் முழுக்க அவள் தலையில்தான் விழும்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வேறு வழியே இல்லாத நிலையில்தான் இதைத் தருவார்கள். அப்போதும் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்த பிறகே, இரண்டு விதக் கருத்தடை முறைகளோடு, மாதாமாதம் பரிசோதனை செய்துகொண்டே தருவார்கள். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள சின்னக் கருத்தடை மாத்திரையை இதோடு சேர்த்து நம்ப முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பெண்ணைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கல்யாணத் தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். நேரோபேண்ட் யுவிபி என்கிற ஒளி சிகிச்சை இருக்கிறது. கர்ப்ப காலத்தில்கூடக் கொடுக்கக்கூடியது. பூசும் மருந்துகளும் இருக்கின்றன. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெதோட்ரெக்ஸேட்டும் கர்ப்பத்துக்கு ஆகாதுதான், ஆனால் அதற்குக் காத்திருக்கும் காலம் மாதக் கணக்கு. இது வருடக் கணக்கு. அப்புறம், மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். இது தொட்டால் ஒட்டும் நோய் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தானாகத் தெரிய வருவதைவிட முன்பே சொல்வது பெண்ணுக்குப் பாதுகாப்பு.

கோவையிலிருந்து: அக்கா, நான் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டேன். ஒரு மாசம் விட்டாப் போதும்னு டாக்டர் சொன்னாங்க. அதும் இதும் ஒரே குடும்பம்தானே? இதுக்கு மட்டும் ஏன் மூணு வருசம்?

ஒரே குடும்பம்தான் கண்ணு, ஆனால் உடம்பில் தங்கும் காலம் வேறு. ஐசோட்ரெட்டினாயின் சீக்கிரம் வெளியேறிவிடும். அசிட்ரெட்டினும் தனியாக இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாளில் பாதியாகும். சிக்கல் எங்கே என்றால், உடம்பில் ஆல்கஹால் சேர்ந்தால் அசிட்ரெட்டின் எட்ரெட்டினேட் என்ற பழைய மருந்தாக மாறுகிறது. அது கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். அதன் அளவு பாதியாகவே 120 நாள் அளவுக்கு ஆகும். நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆனவர்கள் ரத்தத்திலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998-ல் எட்ரெட்டினேட்டையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால்தான் 3 வருடம்.

பொள்ளாச்சியிலிருந்து: ஆல்கஹால்னு சொன்னீங்களே, அதுல ஒரு சந்தேகமுங்க. எங்களுது தென்னந்தோப்பு. கள்ளு சாராயத்துல சேராதுங்க, அது உணவு. மாத்திரை சாப்பிடறவங்க கள்ளு குடிக்கலாமுங்களா?

கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது. இறக்கி வைத்த கொஞ்ச நேரத்திலேயே நுரைத்து, பீர் அளவுக்கு வந்துவிடும். வைக்க வைக்க இன்னும் ஏறும். குடிக்கக் கூடாது.

மீண்டும் பொள்ளாச்சி: 1987-ல தடை போட்டதுல இருந்து இதைத்தான் சொல்றாங்க. பாலக்காட்டுப் பக்கம் போனா கடை போட்டு விக்கறாங்க. அங்க இருக்கறவனுக்கு மட்டும் ஈரல் கெட்டுப் போகலையா?

ஐயா, கள்ளுக்குத் தடை வேண்டுமா வேண்டாமா என்பது விவசாயிகளின் கேள்வி. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் அனுமதித்தாலும் தடுத்தாலும் உடம்புக்குள் நடக்கும் வேதிவினை மாறாது. எத்தனால் எந்தப் பானையிலிருந்து வந்தாலும் எத்தனால்தான்.

காங்கேயத்திலிருந்து: அப்ப தெளுவுங்க்கா? சுண்ணாம்பு தடவுன பானைல எறக்குனது?

தெளுவு என்பது பதநீர். சுண்ணாம்பு அதைப் புளிக்க விடாது. காலையில் இறக்கியதை அப்போதே குடித்தால் ஆல்கஹால் பிரச்சினை இல்லை. ஆனால் இனிப்பு அதிகம். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆகாது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியிருப்பவர்களும் தள்ளி இருங்கள்.

உடுமலையிலிருந்து: அந்த ஆல்கஹால் விதி பொம்பளைங்களுக்குத்தான்னு படிச்சேன். ஆம்பளைங்க குடிக்கலாம்தானே?

எட்ரெட்டினேட் பயம் முக்கியமாகப் பெண்களுக்கு. சாப்பிடும் காலம் முழுக்கவும், நிறுத்திய பின் 2 மாதமும் அவர்கள் ஒரு சொட்டும் தொடக் கூடாது. ஆனால் இந்த மருந்து பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது. ஈரலையும் சீண்டும். குடியும் அதே இரண்டைத்தான் செய்கிறது. போதாததற்குச் சொரியாசிஸையும் கிளப்பிவிடும். ஆண்களும் நிறுத்துங்கள்.

இவ்வளவு பேரும் கள்ளுக்காகச் சண்டை பிடித்தீர்கள். என்னுடைய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலானவர்கள் குடிப்பதில்லை, "எனக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க" என்பார்கள். ஆனால் வெள்ளைப்படுதலுக்கும் மாதவிலக்குத் தொந்தரவுக்கும் அசோகாரிஷ்டம், உடம்பு தேற தசமூலாரிஷ்டம் என்று வீட்டில் பாட்டில் இருக்கும். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது. அதில் தானாக உண்டான ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். அதாவது கள்ளுக்குச் சமம், சிலவற்றில் அதற்கும் மேல். மாமியார் அன்போடு இரண்டு மூடி ஊற்றிக் கொடுப்பார், இவளும் குடித்துவிட்டு மாத்திரையைப் போடுவாள். சில இருமல் டானிக்கிலும், சில ஹோமியோ சொட்டு மருந்திலும் ஆல்கஹால் உண்டு. "குடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் இதெல்லாம் வெளியே வராது. அசிட்ரெட்டின் சாப்பிடும் ஒவ்வொரு பெண்ணும் வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு மருந்துக்கடைக்கோ டாக்டரிடமோ எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பவானியிலிருந்து: இதைச் சாப்பிட்டா நிரந்தரமா குணமாகுமுங்களா?

ஆகாது. அடங்கும். நிறுத்தினால் பலருக்கும் மெல்லத் திரும்பும். அப்போது மறுபடியும் ஆரம்பிப்பதா, வேறு மருந்தா என்று டாக்டர் பார்ப்பார்.

சங்ககிரியிலிருந்து: நான் லாரி ஓட்டறேனுங்க. நைட்டுலதான் ஓட்டம். மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல எதிர்ல வர்ற லைட்டு கண்ணைக் கூசுது, ரோட்டோரம் சரியாத் தெரிய மாட்டேங்குது.

இன்று இரவு வண்டி எடுக்காதீர்கள். இந்த மருந்து சிலருக்கு இருட்டுப் பார்வையைக் குறைக்கும். அது திடீரென்றும் வரலாம். நாளைக்கே டாக்டரிடம் சொல்லி, கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். முதலாளியிடம் பேசிப் பகல் ஓட்டம் கேளுங்கள். உங்கள் உயிரும் ரோட்டில் போகிறவர்கள் உயிரும் இதில் இருக்கிறது. கூடவே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் அது வேறு ஆபத்து. மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்து அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த அபாயம் கூடும். எந்த டாக்டரிடம் போனாலும் அசிட்ரெட்டின் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து: சாயப்பட்டறைல வேலை. உள்ளங்கைப் படை குறைஞ்சிருக்கு, ஆனா தோல் பட்டை பட்டையா உரியுது. உதடு வெடிச்சு ரத்தம் வருது. தலைமுடியும் கொட்டுது. மருந்து ஒத்துக்கலையோ?

உதடு காய்வது சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்குமே வரும். வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் வாசலின் டப்பா இருக்கட்டும், அடிக்கடி தடவுங்கள், நாக்கால் நக்காதீர்கள். உள்ளங்கை உரிவதும் மருந்தால்தான். படை தடிப்பாக, செதிலாக இருக்கும். இது மெல்லிய தாளாக உரியும், அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். சாயத்திலும் கெமிக்கலிலும் வெறும் கையை விடவே கூடாது, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. முடி கொட்டுவது அளவைப் பொறுத்தது, மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் திரும்ப முளைக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல்லடத்திலிருந்து: அக்கா, நிரந்தரமா குணமாக இது எத்தனை மாசம் சாப்பிடணும்?

பவானிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

அந்தியூரிலிருந்து: வெட்பாலைத் தைலம் பூசிட்டு இருக்கறேனுங்க. நிறுத்தணுமா?

தேங்காயெண்ணெயில் வெட்பாலை இலையைப் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் வந்ததும் எடுப்பது. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்குச் சொல்லும் தைலம். வெளியே பூசுவது இந்த மாத்திரையோடு மோதாது, டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒளி சிகிச்சைக்குப் போகும் நாளில் மட்டும் அங்கே கேட்காமல் பூச வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதை ஒளி சிகிச்சைப் பிரிவில் சொல்லுங்கள், தோல் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஒளியின் அளவைக் குறைப்பார்கள். ஆனால் தைலத்தோடு சேர்த்து "உள்ளுக்கு ஒரு பொடி" என்று பெயரில்லாத பொட்டலம் தந்தால் வாங்காதீர்கள். முதல் பதிலிலேயே சொன்னேன், இன்னும் நூறு முறை சொல்வேன்.

சத்தியமங்கலத்திலிருந்து: உடம்பு தெம்புக்கு வைட்டமின் மாத்திரையும், மீன் எண்ணெயும் எடுக்கலாமா? முருங்கைக்கீரைல வைட்டமின் ஏ இருக்கே, விட்டுடணுமா?

முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தனக்கு வேண்டிய அளவே மாற்றிக்கொள்ளும். வைட்டமின் ஏ உள்ள மாத்திரை வேண்டாம். மீன் ஈரல் எண்ணெயும் வேண்டாம். ஆட்டு ஈரல் வறுவலை அடிக்கடி வைக்காதீர்கள்.

ஊத்துக்குளியிலிருந்து: முன்ன எழுதிக் குடுத்த மெதோட்ரெக்ஸேட் மிச்சம் இருக்கு. ரெண்டையும் போட்டா சீக்கிரம் கேக்குமா?

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஈரல் அழற்சி வரும் அபாயம் கூடும். அந்த மிச்சத்தை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் வைத்திருந்தால் யாராவது தினமும் எடுத்து விழுங்கிவிடுவார்கள். சொரியாசிஸுக்கு அது வாரம் ஒரு முறை மருந்து. தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாமக்கல்லிலிருந்து: சொரியாசிஸ் முழுசா குணமாக...

பவானி.

சென்னிமலையிலிருந்து: மாத்திரை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. எங்க மன்றத்துல ரத்த தான முகாம் வெச்சிருக்கோம், நான் குடுக்கலாங்களா? நான் ஆம்பளைதானே.

நீங்கள் ஆண், ஆனால் உங்கள் ரத்தம் யாருக்குப் போகும் என்று தெரியாது. ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றலாம். நிறுத்தி 3 வருடம் ஆகும் வரை கொடுக்கக் கூடாது. முகாமில் மற்ற வேலைகளைச் செய்யுங்கள். ஆண்கள் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். விந்தில் வரும் அளவு மிகச் சொற்பம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையை மட்டும் வீட்டுப் பெண்கள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அவிநாசியிலிருந்து: மூட்டு வலியும் இருக்கு. இந்த மாத்திரைலயே அதும் போயிருமா?

போகாது. சொரியாசிஸ் மூட்டைத் தாக்கினால் அதற்கு வேறு மருந்து வேண்டும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டுவாத டாக்டரை இந்த மாதமே பாருங்கள். தள்ளிப்போட்டால் மூட்டு கோணிவிடும்.