ஈர்க்குச்சி இறங்கும் பதம்

கேள்வி: பாரிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய தோழி வீட்டில் சிவப்பு ஒயினில் வேகவைத்த முழுப் பேரிக்காய் கொடுத்தார்கள். கரண்டி வைத்ததும் வெண்ணெய் போல இறங்கியது. ஆனால் உருவம் குலையவில்லை. ஊருக்கு வந்து நானும் செய்தேன். ஒயின், சர்க்கரை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் குக்கரில் இரண்டு விசில் விட்டேன். குழைந்து கூழாகிவிட்டது. நிறமும் சிவப்பாக இல்லை, ஒரு மாதிரி கருநீலம். எங்கே தப்பு அம்மா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: குழைந்ததற்கு விசில் காரணம். நிறம் போனதற்குப் பாத்திரம் காரணம். உங்கள் குக்கர் அலுமினியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் காரைக்காலில் பிறந்தவள், மயிலாடுதுறையில் வாழ்க்கைப்பட்டவள். காரைக்காலில் எங்கள் மாமா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பிப் போனார்கள், ஆனால் அவர்களுடைய தேசிய தினமான ஜூலை 14 கொண்டாட்டம் எங்கள் தெருவில் நின்றுவிடவில்லை. அன்றைக்கு அத்தை இந்தப் பேரிக்காயைச் செய்வார். ஆனிக் கடைசியில்தான் மலைப் பேரிக்காய் வரத்தொடங்கும், கல் மாதிரி இருக்கும். அதுதான் வேண்டும் என்று தேடி வாங்குவார். கனிந்து வாசனை அடிக்கும் பழம் அப்படியே சாப்பிடத்தான் லாயக்கு.

அத்தை அடுப்பில் வைத்த பிறகு சொல்வது ஒன்றே ஒன்று: "சட்டி பேசக்கூடாது." கொதிக்கும் சத்தமே கேட்கக்கூடாது என்று அர்த்தம். அடியிலிருந்து ஒரு குமிழ் மெல்ல ஏறி வரும். நீங்கள் ஒரு மூச்சு விட்டால் இன்னொன்று வரும். அவ்வளவுதான் சூடு. கணக்குப்படி 80, 85 டிகிரி. குக்கருக்குள் 115 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பழத்தின் சதையை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் அந்தச் சூட்டில் சீக்கிரம் கரைந்துபோகும். மெல்லிய சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஒயினில் இருக்கும் புளிப்பும், நாம் போடும் சர்க்கரையும் சதையை இறுக்கிப் பிடித்து உதவி செய்யும்.

அளவு சொல்கிறேன். பேரிக்காய் 4, ஒயின் ஒரு பாட்டில் (750 மில்லி), சர்க்கரை 150 கிராம், விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு 4, மிளகு 10, ஏலக்காய் 2. பிரான்சில் ஆரஞ்சுத் தோல் போடுவார்கள். நான் நார்த்தங்காய்த் தோலை வெள்ளை இல்லாமல் இரண்டு சீவல் சீவிப் போடுகிறேன், அதற்கு இருக்கும் வாசனை கடை ஆரஞ்சுக்கு இல்லை. எதையும் பொடித்துப் போடாதீர்கள், பாகு கலங்கிவிடும். கிராம்பு நாலுக்கு மேல் போனால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும்.

காம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் சீவுங்கள். எவர்சில்வர் பாத்திரம், அடி கனமாக, பழங்கள் நெருக்கி உட்காருகிற அளவு இருக்கட்டும். அகலப் பாத்திரமானால் ஒயின் பாதிக்குத்தான் நிற்கும். அப்படியும் மேலே தெரிகிற பழம் கறுத்துப்போகும். அத்தை அதற்கு வெண்ணெய்த் தாளை வட்டமாக நறுக்கி மூடுவார். நான் வாழை இலையைச் சட்டியின் வாய்க்குச் சரியாக வட்டமாக நறுக்கி, நடுவில் காசு அளவு ஓட்டை போட்டு, பழத்தின் மேல் படிய வைக்கிறேன். இலை வாடி வாடிப் பழத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழமும் முங்கியே இருக்கும்.

அரை மணி கழித்துத் தென்னை ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். லேசாகத் தடுத்து, அப்புறம் தானாக இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் நேரம் தாண்டிவிட்டது. கல் காய்க்கு முக்கால் மணிகூட ஆகும், கடிகாரத்தை நம்பாதீர்கள். இறக்கி, அதே ஒயினில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் நடப்பதைவிட இந்த ராத்திரியில் நடப்பதுதான் அதிகம். மறுநாள் நறுக்கினால் ஓரத்தில் பீட்ரூட் சிவப்பு, உள்ளே போகப்போக ரோஜா, நடுவில் பால் வெள்ளை. இரண்டு நாள் ஊறினால் நடுவரைக்கும் சிவந்துவிடும்.

பழத்தை எடுத்து வைத்துவிட்டுப் பாகை மட்டும் இப்போது தாராளமாகக் கொதிக்க விடலாம். பாதியாகச் சுண்டி, விரலில் தொட்டால் பிசுக்கு தெரியும்போது நிறுத்துங்கள். கம்பிப் பதம் வரை போனால் ஆறியதும் மிட்டாய் ஆகிவிடும்.

பாத்திரத்துக்கு வருகிறேன். ஒயினின் நிறம் திராட்சைத் தோலிலிருந்து வருவது. அலுமினியம் பட்டால் அது நீலத்துக்குத் திரும்பும். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். இரும்புச் சட்டி இன்னும் மோசம், மை போலக் கறுத்துவிடும். உங்கள் பக்கத்துக் கருப்பூரில் கலம்காரித் துணிக்குக் கடுக்காயில் தோய்த்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு போடுவார்களே, அதே வேலைதான். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பு ஒயினிலும் இருக்கிறது.

கேள்வி: கேட்டரிங் படிக்கிறேன். எந்த ஒயின் வாங்குவது? பிராந்தி, ரம் ஊற்றினால் ஆகாதா? (வாசகர், திருவாரூர்)

பதில்: ஆகாது தம்பி. அவற்றில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. இந்தப் பழத்துக்கு வேண்டிய புளிப்பும் துவர்ப்பும் இல்லை. நாசிக் பக்கத்தில் தயாராகிற, தித்திப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயின் போதும். விலை கூடியதை வாங்கிக் கிராம்பும் மிளகும் போட்டு வேகவைப்பது வீண். 'போர்ட்' என்று லேபிள் ஒட்டியது தித்திப்பாக இருக்கும், அதற்குச் சர்க்கரை 50 கிராம் போதும். 21 வயது ஆகாமல் கடைப் பக்கம் போகாதே. காரைக்காலில் மலிவு என்று பையில் போட்டுக்கொண்டும் வராதே. எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், வழியில் சோதனைச்சாவடி இருக்கிறது.

கேள்வி: எங்கள் படுகையில் வாழைதான். பேரிக்காய்க்குப் பதில் நம்ம ஊர்ப் பழத்தில் செய்யலாமா? (வாசகர், திருக்காட்டுப்பள்ளி)

பதில்: கொய்யாவில் செய்யுங்கள். டெல்டாப் பழங்களில் இந்த வேலைக்கு அதற்கு இணை இல்லை. செங்காயாக எடுத்து, இரண்டாக நறுக்கி, விதையைச் சுரண்டிவிட்டுக் கால் மணி வேகவைத்தால் போதும். கிண்ணம் மாதிரி நிற்கும், பாகை அதிலேயே ஊற்றிக் கொடுக்கலாம். அன்னாசியும் தாங்கும். பப்பாளிச் செங்காய்க்குத் தனக்கென்று ருசி குறைவு, அதனால் சுக்கும் சேர்த்து, மிளகைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

வாழையில் பூவனும் ரஸ்தாளியும் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிடும். நேந்திரம் நிற்கும். ஆனால் சிவப்பு ஒயினில் போட்டால் சேற்று நிறம் வரும். வெள்ளை ஒயின், ஒரு சிட்டிகை ஜாதிக்காய், எட்டு நிமிஷம், அது அழகாக வரும். நுங்கை அடுப்பில் ஏற்றாதீர்கள். பாகு நன்றாக ஆறிய பிறகு மேலே ஊற்றினால் போதும். மாம்பழத்தை ஒயினில் போட எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: என் கணவர் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. என் நாத்தனார் இந்த இனிப்பைப் பற்றிச் சொல்லி, "வேகும்போது சாராயமெல்லாம் ஆவியாகிவிடும், அண்ணனும் சாப்பிடலாம், பிள்ளைகளும் சாப்பிடலாம்" என்கிறாள். உண்மையா அக்கா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: உண்மை இல்லை தங்கச்சி. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அதனால் பறந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது அப்படிச் சுலபமாகப் பிரிந்து போவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை கணக்கிட்டு வெளியிட்ட அட்டவணையில், அரை மணி வெந்த பிறகும் ஊற்றிய ஆல்கஹாலில் ஏறத்தாழ 35 சதவீதம் மிச்சம். ஒரு மணிக்கு 25 சதவீதம். இரண்டரை மணி வெந்தாலும் 5 சதவீதம் இருக்கும். நம் பேரிக்காயோ மூடிபோல இலை வைத்து, கொதிக்கவே விடாமல் வேகிறது. பிள்ளைகளுக்கு வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். குடியை விடுவதற்கு டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டில் கலந்த கொஞ்ச ஆல்கஹால்கூட முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று கொண்டுபோய் விட்டுவிடும்.

மாத்திரை இல்லாவிட்டாலும் வேண்டாம். சில வருஷம் முன்பு ஒரு கல்யாண வரவேற்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆறு வருஷமாகத் தொடாதவர், எங்களுக்குச் சொந்தம். கிண்ணத்தில் சிவப்புப் பழம் வைத்தார்கள். "இதில் என்ன?" என்று கேட்டார். பரிமாறிய பையன் "ஜூஸ்தான் சார்" என்றான். முதல் கரண்டியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, பந்தலுக்கு வெளியே போய், சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை இருட்டில் நின்றார். அன்று ராத்திரி முழுக்க அவர் மனைவி உட்கார்ந்தே இருந்தாள். அதற்கப்புறம் நான் யாருக்கு இதைக் கொடுத்தாலும் ஒயின் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்கிறேன். சமையல்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன், பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. ஒயின் கொடுக்கிற நிறம், புளிப்பு, துவர்ப்பு மூன்றையும் தனித்தனியே சேர்த்துக்கொள்ளலாம். பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்குங்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தக் கம்பம் திராட்சை. கையால் பிசைந்து தோலோடு பத்து நிமிஷம் சூடாக்கி, துணியில் வடிகட்டுங்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது, மிக்ஸியில் அடித்தால் விதை அரைந்து கசக்கும். துவர்ப்புக்கு, இரண்டு ஸ்பூன் தேயிலையை அரை டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து அந்த டிக்காக்‌ஷனை ஊற்றுங்கள். புளிப்புக்கு ஒரு எலுமிச்சம்பழம். எலுமிச்சை விழுந்ததும் மங்கலாக இருந்த சாறு பளிச்சென்று சிவக்கும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திராட்சையில் தித்திப்பு இருப்பதால் சர்க்கரை 75 கிராம் போதும். மசாலாவும் மற்றதும் மேலே சொன்னபடியே.

ஒன்று மட்டும். இந்த ருசியும் ஒயினை நினைவுபடுத்துகிற ருசிதான். செய்வதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிட்டுப் பாலில் குங்குமப்பூ, ஏலக்காய் போட்டு வேகவையுங்கள், பேரிக்காய் அதிலும் நன்றாக இருக்கும். 'ஆல்கஹால் இல்லாத ஒயின்' என்று விற்கிற பாட்டில் வேண்டவே வேண்டாம், வீட்டில் அந்த உருவமே எதற்கு?

கேள்வி: பாகு நிறைய மிஞ்சுகிறது. கொட்ட மனசு வரவில்லை. (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: கொட்டாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பிரேசிலின் தெற்குப் பகுதியில் ஜவ்வரிசியைச் சிவப்பு ஒயினில் பட்டை கிராம்போடு வேகவைத்து இனிப்பு செய்வார்கள். நம் ஜவ்வரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குதானே மூலம். தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, மிஞ்சிய பாகில் போட்டு, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை சிறு தீயில் வையுங்கள். ஆறினால் மாதுளை முத்து மாதிரி இருக்கும். மேலே கொஞ்சம் தேங்காய்ப்பால்.