பில்ட் பண்ணும்போது டிபென்டன்ஸி தானா டவுன்லோட் ஆகலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "எங்க சி++ ப்ராஜெக்ட்ட சிமேக்ல பில்ட் பண்றோம், ஃபெட்ச்கன்டென்ட் போட்டு எல்லா லைப்ரரியும் கிட்ஹப்ல இருந்து அதுவா இறங்கிடும். இப்ப க்ளையன்ட் சர்வர்ல நெட் கிடையாது, அங்க பில்ட் நிக்குது. எல்லா சோர்ஸையும் நம்ம ரெப்போக்குள்ள காப்பி பண்ணிடலாம்னு சீனியர் சொல்றார். எது சரி சார்?"

புதுசா படிக்கிறவங்களுக்கு: டிபென்டன்ஸின்னா நம்ம கோடு நம்பி இருக்கிற வெளி லைப்ரரி, சிமேக் சி++ கோட பில்ட் பண்ண உதவுற டூல், ஃபெட்ச்கன்டென்ட் அதுல லைப்ரரிய இறக்குற வசதி, ரெப்போ நம்ம கோட வெச்சிருக்கிற இடம். டவுன்லோட் இருக்கட்டும், ஆனா அது தனி ஸ்டெப்பா இருக்கணும், கம்பைல் ஆகுற ஸ்டெப் நெட் வயர புடுங்கிட்டாலும் ஓடணும். டெபியன்ங்கிற லினக்ஸ தயார் பண்றவங்க இத ரூலாவே வெச்சிருக்காங்க, அவங்க மெயின் ஆர்க்கைவ்ல (முக்கிய பேக்கேஜ் தொகுப்புல) சேர்ற பேக்கேஜ் எதுவும் பில்ட் ஆகும்போது வெளி நெட்வொர்க்க தொடக்கூடாது. நெட்ட நம்பி பில்ட் பண்ணா உங்க ரிலீஸ் தேதி வேற யாரோ ஒருத்தர் கைல இருக்கும். 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட்னு 11 லைன் இருக்கிற ஒரு பேக்கேஜ அத எழுதினவரே என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் எல்லாம் இருக்கிற பொது இடம்) இருந்து எடுத்துட்டார், பேபல்ங்கிற டூல்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட் அன்னிக்கு பில்ட் ஆகல, கடைசில என்பிஎம் தரப்பே அத திரும்ப போட வேண்டியதாச்சு. யாரும் ஹேக் பண்ணல, ஒரு ஃபைல் அந்த இடத்துல இல்ல, அவ்ளோதான்.

இப்ப உங்க சிமேக் ஃபைல திறந்து கிட்_டேக்ல (எந்த வெர்ஷன இறக்கணும்னு சொல்ற இடம்) என்ன இருக்குன்னு பாருங்க. மெயின், மாஸ்டர்னு ப்ராஞ்ச் பேர் இருந்தா உடனே மாத்துங்க, ஏன்னா நேத்து பில்ட் ஆனதும் இன்னிக்கு பில்ட் ஆகறதும் வேற வேற கோடா இருக்கலாம். வெர்ஷன் டேக் போட்டாலும் அது பத்தாது, டேக்க நகர்த்தி வேற கமிட்ல (கிட்ல சேமிச்ச வேற ஒரு பதிவுல) வெக்க முடியும், அதனால 40 எழுத்து கமிட் ஐடி முழுசா போடுங்க, பக்கத்துல கமென்ட்ல வெர்ஷன் நம்பர் எழுதுங்க. டார் ஃபைலா (எல்லா ஃபைலையும் ஒண்ணா கட்டினது) இறக்குறீங்கன்னா யுஆர்எல்_ஹேஷ், அதாவது இறங்கினது அதே ஃபைல்தானான்னு பாக்கிற செக்சம், கட்டாயம், அதுலயும் கிட்ஹப் தானா தயார் பண்ற சோர்ஸ் ஆர்க்கைவ நம்பாதீங்க. 2023 ஜனவரி கடைசில அவங்க கம்ப்ரெஷன் முறைய மாத்தினதும் உள்ள இருக்கிற ஃபைல் அதேதான், செக்சம் மட்டும் மாறிப்போய் பேசல்ங்கிற பில்ட் டூல யூஸ் பண்ற நிறைய பேருக்கு பில்ட் உடைஞ்சுது, அப்புறம் மாத்தினத திரும்ப எடுத்துட்டாங்க. லைப்ரரிகாரங்க ரிலீஸ்ல தனியா அப்லோட் பண்ண டார் ஃபைல் இருந்தா அத எடுங்க.

உங்க சீனியர் சொல்றதுல நியாயம் இருக்கு, காப்பி பண்ணிட்டா நெட் பிரச்சினை தீர்ந்துடும். எனக்கு பயம் எதுலன்னா, காப்பி பண்ண சோர்ஸ்ல யாராவது நாலு லைன் மாத்திடுவாங்க, எந்த வெர்ஷன்னு எங்கயும் எழுதி இருக்காது, ரெண்டு வருஷத்துல அத தொடவே எல்லாரும் தயங்குவாங்க. 2022 மார்ச்ல இசட்லிப்ங்கிற கம்ப்ரெஷன் லைப்ரரியோட 1.2.12 வந்துச்சு, மெமரி கரப்ஷன் பக் ஒண்ண சரி பண்ணி. சிஸ்டம் இசட்லிப்ப யூஸ் பண்ணவங்களுக்கு ஒரு அப்டேட்ல வேலை முடிஞ்சுது, உள்ள காப்பி வெச்சிருந்தவங்க முதல்ல அது எங்கெங்க இருக்குன்னு தேடணும். காப்பிதான் பண்ணணும்னு முடிவானா அந்த ஃபோல்டர்ல கை வெக்காதீங்க, மாத்தம் எல்லாம் தனி பேட்ச் ஃபைலா (என்ன மாத்தினோம்னு மட்டும் சொல்ற ஃபைல்) இருக்கட்டும்.

உங்க நிலைமைக்கு நான் சொல்றது இது. ஆபீஸ் கிட் சர்வர்ல எல்லா லைப்ரரிக்கும் மிரர் (அப்படியே ஒரு நகல்) வெச்சு, ஃபெட்ச்கன்டென்ட்ல அந்த அட்ரஸ குடுங்க. சிமேக் 3.24 அல்லது அதுக்கு மேலன்னா ஃபைண்ட்_பேக்கேஜ்_ஆர்க்ஸ் சேருங்க, சிஸ்டம்ல ஏற்கனவே லைப்ரரி இருந்தா அத எடுத்துக்கும், இல்லன்னாதான் இறக்கும். க்ளையன்ட் சர்வருக்கு லைப்ரரி சோர்ஸையும் சேர்த்து ஒரே டார் ஃபைலா அனுப்பி, அங்க ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஃபெட்ச்கன்டென்ட்_சோர்ஸ்_டைர்_ அப்படின்னு ஆரம்பிச்சு கடைசில லைப்ரரி பேர் வர்ற வேரியபிள்ல லோக்கல் பாத் குடுத்தா டவுன்லோட் பக்கமே போகாது. ஃபுல்லி_டிஸ்கனெக்டட்னு ஒரு ஆப்ஷனும் இருக்கு, ஆனா அது ஏற்கனவே இறக்கி முடிச்ச பில்ட் ஃபோல்டருக்குத்தான், புது ஃபோல்டர்ல அத மட்டும் ஆன் பண்ணிட்டு ஏன் ஓடலன்னு உக்காந்துடாதீங்க.

நிறைய பேர் கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு. நீங்க இறக்குற லைப்ரரியே உள்ள இன்னொரு லைப்ரரிய ஃபெட்ச்கன்டென்ட்ல இறக்கலாம். ஒரே பேர்ல ரெண்டு டிக்ளேர் (எத எங்கிருந்து இறக்கணும்னு சொல்றது) இருந்தா சிமேக் முதல்ல பாத்தததான் எடுத்துக்கும், அதனால உள்ள வர்றதையும் சேர்த்து எல்லாத்தையும் உங்க டாப் லெவல் ஃபைல்லயே முதல்ல டிக்ளேர் பண்ணி கமிட் ஐடி போட்டுடுங்க. எதையாவது விட்டிருந்தா கண்டுபிடிக்க சிஐல (தானா பில்ட் பண்ணி பாக்கிற சிஸ்டம்) ஒரு ஜாப் வைங்க, க்ளையன்டுக்கு அனுப்புற அதே டார் ஃபைல வெச்சு, டாக்கர்ல (தனி பெட்டி மாதிரி ப்ரோக்ராம ஓட்டுற டூல்) நெட்வொர்க் நன் போட்டு, அதாவது நெட்ட அடைச்சு, மொத்த பில்டும் ஆரம்பத்துல இருந்து. க்ளையன்ட் கிட்ட போறதுக்கு முன்னாடியே எந்த லைப்ரரி வெளிய எட்டிப்பாக்குதுன்னு எரர்ல பேரோட வந்துடும்.