நட் இறுகியிருக்கிறதா, சாஃப்ட் சுற்றுகிறதா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் நானும் நண்பனும் சேர்ந்து, இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்திருக்கிறோம். பின்பக்கம் குறுக்காக ஒரு சுசுகி மோட்டார் சைக்கிள் இஞ்சின். அதிலிருந்து செயின் நேராக, இரண்டு பின் சில்லுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்குப் போகிறது. செயினை இழுக்கும் பல்சக்கரமான இஞ்சின் ஸ்பிரொக்கட்டின் பல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். செயினைக் கழற்றிவிட்டு, முதல் கியரில் போட்டு, ஸ்பிரொக்கட்டைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற சொக்கட் கம்பியில் பைப் மாட்டி இழுத்தால் இஞ்சின்தான் சுற்றுகிறது. பல்லுக்குள் பலகைத் துண்டு வைத்தோம், அது நொறுங்கியது. இப்போது நட்டின் மூலையும் உருளத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பைப்பைக் கீழே வையுங்கள். மூலை இன்னும் கொஞ்சம் உருண்டால் வேலை இரண்டு மடங்காகும்.

பெரிய மோட்டார் சைக்கிள் இஞ்சின்களில் இந்த நட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் பெரும்பாலும் 100 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள்தான். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ ஆள் ஒருவர் தொங்கினால் கிட்டத்தட்ட 590 வரும். துருவும் பசையும் சேர்ந்து நட்டை இரட்டிப்பாகப் பிடித்திருந்தாலும் அதற்கு மிஞ்சிய பலம் உங்கள் கையில் இருக்கிறது. குறை பலத்தில் இல்லை, பிடிமானத்தில். இஞ்சின் சுற்றும்வரை நீங்கள் இழுப்பதெல்லாம் பிஸ்டனை அசைக்கத்தான் போகிறது, நட்டுக்குப் போய்ச் சேராது.

ஆகவே கழற்றிய பழைய செயினைத் திரும்பப் பூட்டுங்கள். பல் தேய்ந்திருப்பதால் தளர்வாக விட்டால் செயின் பாயும், நன்றாக இழுத்துப் பூட்டுங்கள். கார் நாலு சில்லும் நிலத்தில் நிற்கட்டும், முன் சில்லுகளுக்கு முன்னால் கட்டை வையுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். நண்பன் உள்ளே ஏறிக் கால் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் நட்டை இழுங்கள். ஹாண்ட்பிறேக்கை மட்டும் நம்ப வேண்டாம். அதன் கேபிள் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் டிஃபரென்ஷியல் அந்தச் சில்லைச் சுற்றவிடும், செயினும் கூடவே ஓடும். கால் பிறேக் இரண்டு சில்லையும் ஒன்றாகப் பிடிக்கும்.

செயினால் இழுத்தால் ஸ்பிரொக்கட் பொருந்தியிருக்கும் சாஃப்ட் வளையுமோ என்று பயப்படத் தேவையில்லை. இந்த நட்டின் மரை வலப்பக்க மரை (வலம் சுற்றினால் இறுகுவது) என்றால், காரின் இடப்பக்கத்திலிருந்து பார்க்க நட் கழறும் திசையும் கார் முன்னுக்கு ஓடும்போது ஸ்பிரொக்கட் சுற்றும் திசையும் ஒன்றே. செயினின் மேல்பக்கம்தான் விறைக்கும், ஓடும்போதும் அப்படித்தான். ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட இஞ்சின் முதல் கியரில் முழு வேகமெடுக்கும்போது இந்தச் சாஃப்ட் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்குகிறது. பலகைத் துண்டு அப்படியல்ல. அது பெயரிங்கையும் இஞ்சினின் அலுமினிய உடலையும் பக்கவாட்டில் தள்ளும். உடல் வெடித்தால் ஸ்பிரொக்கட் மாற்றப் போனவர் இஞ்சின் மாற்ற வேண்டிவரும்.

இழுப்பதற்கு முன் நட்டை எது பூட்டி வைத்திருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். வோஷரின் ஓரம் நட்டின் பக்கத்தில் மடிக்கப்பட்டிருந்தால் உளியால் தட்டி முழுவதும் தட்டையாக்க வேண்டும், அரைகுறையாக விட்டால் சொக்கட் சரியாக உட்காராது. சில சுசுகி இஞ்சின்களில் சாஃப்டின் நுனியில் வேகமானிக்கான சிறு பாகம் ஒரு போல்ட்டில் இருக்கும், அதை முதலில் எடுங்கள். மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மூலை உருண்டதற்கு உங்கள் சொக்கட்டே காரணமாக இருக்கலாம். இந்த நட் தடிப்பில்லாதது. சொக்கட்டின் வாயில் உள்ள சரிவு நட்டின் உயரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆறு மூலைச் சொக்கட் ஒன்று எடுத்து, அதன் வாயை கிரைண்டரில் சரிவு போகும்வரை தட்டையாகத் தேயுங்கள். பிடி எவ்வளவு மாறுகிறது என்பது கையிலேயே தெரியும். பெரிய அளவுச் சொக்கட் உங்களிடம் இல்லையென்றால், சம்மாந்துறைப் பக்கம் உழவு மெசின் திருத்துகிற கராஜ்களில் கேளுங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் உள்ளே பசை இருக்கலாம். மரை கழலாமல் பூசும் லொக்டைட் 270 போன்ற கடினமான பசையில் டபிள்யூடி-40 எவ்வளவு அடித்தாலும் பயனில்லை, அது துருவுக்குத்தான். நம் கடற்கரைக் காற்றில் துரு இருக்கும், ஆகவே முதல் நாள் இரவே அடித்து வைப்பதில் தவறில்லை. பசைக்குச் சூடுதான் மருந்து, 250 பாகை செல்சியஸ் அளவில் அது விட்டுக்கொடுக்கும். ஆனால் ஸ்பிரொக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயில்சீல் சாதாரண ரப்பர் என்றால் 120 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. அதனால் சுவாலை வரும் சின்ன காஸ் டோர்ச்சால் நட்டை மட்டும் விரைவாகச் சூடாக்கி, சூடு உள்ளே பரவுமுன் உடனே இழுங்கள். செயினில் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, சுற்றிலும் ஈரத்துணி வையுங்கள். பெற்றோல் தொட்டியும் குழாயும் அருகில் இருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள், சுவாலை மட்டுமல்ல, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னும் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கும். சீலை எப்படியும் புதிதாகப் போடுங்கள், விலை பெரிதல்ல.

ரயர் கடைக்குக் கொண்டுபோய் நட் கழற்றும் காற்றுத் துப்பாக்கியால் அடிப்பதும் நல்ல வழி, காருக்குப் பாவிக்கும் அரை அங்குலத் துப்பாக்கியாக இருந்தால். லொறிச் சில்லுக்கானது வேண்டாம். அப்போதும் செயினும் பிறேக்கும் பிடித்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில்தான், அடி கியர்ப் பற்களுக்குப் போகக்கூடாது.

கார் செய்தவர்களிடம் வெல்டிங் இருக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எறியப்போகும் ஸ்பிரொக்கட்தானே என்று அதில் கம்பியை ஒட்டவைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். மின்னோட்டம் கியர்பொக்ஸ் பெயரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழுத்தும், வெளியில் எதுவும் தெரியாது.

கடைசி வழி நட்டை வெட்டுவது. நட்டின் ஒரு பக்கச் சுவரில் சாஃப்டுக்குச் சமாந்தரமாகத் துளையிட்டு, மீதி மெல்லிய சுவரை உளியால் பிளந்தால் அது விரிந்து கழன்றுவிடும். துளை மரையைத் தொடக்கூடாது. நட் புதிது வாங்கலாம், சாஃப்ட் என்றால் இஞ்சினைப் பிளக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிரொக்கட், செயின், டிஃபரென்ஷியல் பக்கப் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய செயின் புதுப் பல்லை விரைவில் தின்றுவிடும். புது வோஷர், புது நட், உங்கள் இஞ்சின் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச். இறுக்கும்போதும் நண்பன் பிறேக்கில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளை இழுக்கச் செய்த இந்த இஞ்சின் இப்போது அதைவிடப் பாரமான காரை இழுக்கிறது, ஆகவே ஸ்பிரொக்கட் உட்காரும் இடத்தில் சாஃப்டின் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று கழற்றியதும் விரலால் தடவிப் பாருங்கள். இறுக்கிய பின் நட்டிலிருந்து சாஃப்ட்வரை ஒரு பெயின்ற் கோடு போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் கவரைத் திறந்து கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.