மனசு விட்டுக் கேளுங்கள்: "பதில் சொல்வது நான், முடிவெடுப்பது வேறு யாரோ"

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை எல்லாவற்றையும் பின்தொடரும் வேலையில் இருக்கிறேன். வயது 31. டையிங்கில் (சாயப்பட்டறையில்) துணி தாமதமானாலும், ஜெர்மனி பையர் சாம்பிளை ரிஜெக்ட் செய்தாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும், ஆனால் எதையும் நான் முடிவு செய்ய முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் போன் அதிர்ந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்தால் தாடை வலிக்கிறது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், செய்தும் பார்த்தேன். கோளாறு என்னிடம்தானா மேடம்?
(வாசகி, திருப்பூர்)

பதில்: இல்லை. எதையும் நான் முடிவு செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வயிற்றுப் புரட்டலுக்கும் தாடை வலிக்கும் வேர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

லண்டனில் 1967-ல் ஆயிரக்கணக்கான ஆண் அரசு ஊழியர்களைப் பதவி வாரியாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் கவனிக்கத் தொடங்கினார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். பொறுப்பு அதிகம் உள்ள மேலதிகாரிக்குத்தானே மாரடைப்பு வரும் என்று நாம் நினைப்போம். கணக்கு தலைகீழாக வந்தது. கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது உயர் பதவிக்காரர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பெண்களையும் சேர்த்து 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில்தான் ஒரு முக்கியக் காரணம் தெரிந்தது: தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. வேலை மலை போல இருந்தாலும் எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது என்பது நம் கையில் இருந்தால் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். நெருக்கடி மட்டும் நம்முடையதாகவும் முடிவு இன்னொருவருடையதாகவும் இருக்கும்போதுதான் உடம்பு உடைகிறது. உங்கள் வேலை அப்படியே அதுதான்.

போன் அதிர்ந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசோலையும் ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, செரிமான வேலை அப்படியே நிற்கிறது. வயிறு புரள்வது அதனால்தான். தசைகள் இறுகுகின்றன, தூக்கத்திலும் பற்களைக் கடிக்கிறீர்கள், காலையில் தாடை வலிக்கிறது. துரத்தும் நாயிடமிருந்து ஓடுவதற்காக அமைந்த ஏற்பாடு இது. நாய் போய்விட்டால் உடம்பு தணிந்துவிடும், பையர் மெயில் போகாது, அது இன்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கும்.

மூச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு உண்மையிலேயே குறையும். ஆனால் அது கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது மாதிரி, மழை விட்டதும் மேலே ஏறி ஓட்டைச் சரிசெய்யவும் வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போதும். இன்று நிலுவையில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். நேவி ப்ளூ லேப் டிப் (சாயத்தின் மாதிரித் துண்டு), டையிங் கையில். பிரிண்ட் அப்ரூவல், பையர் கையில். பட்டன் ஆர்டர், என் கையில். உங்களைப் போலவே ஏற்றுமதி வேலையில் இருந்த ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து இப்படி எழுதினார், பதினான்கு வரிகள் வந்தன, அவர் கையில் இருந்தவை நான்கே நான்கு. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பத்தும் மறைந்துவிடவில்லை, ஆனால் அவற்றுக்கு அவர் செய்ய வேண்டியது ஒரு நினைவூட்டல் மட்டும்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் ஜெர்மனியில் மதியம் என்பது நமக்கு மாலை, அவர்கள் கேள்விகள் இரவில்தான் வரும், அதை மாற்ற முடியாது. மாலை ஆறரைக்குள் நீங்களே முந்திக்கொண்டு "இன்றைய நிலை இது, அடுத்த தகவல் நாளை காலை 11 மணிக்கு இந்திய நேரப்படி" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இரவுக் கேள்விகளில் பாதி, தகவல் வராததால் வருபவை. முதலாளியிடம் ஒரே ஒரு அதிகாரத்தைக் கேளுங்கள்: டையிங் தேதி இரண்டு நாள் வரை தள்ளினால் பையருக்குப் புதுத் தேதியை நீங்களே சொல்லலாம் என்று. வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட இது கிடைப்பது சுலபம், பலனும் அதிகம்.

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதுங்கள். அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். மாலை 6 மணி டீயையும் கொஞ்சம் யோசியுங்கள், அதிலுள்ள காஃபினில் பாதியளவு இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். தாடை வலிக்கு ஒரு பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜவுளிக் கடையில் சேல்ஸ் வேலை. பத்து மணி நேரம் நின்றே இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், பிறகு அழுகிறேன். தியானம் செய்தால் சரியாகுமா?
(வாசகி, சென்னை)

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். கால் நரம்பு சுருண்டு, இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வரும் ஒருவரிடம் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் உங்கள் தளத்தில் இருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். வீட்டுக்குப் போனதும் கால்மணி நேரம் காலைச் சுவரில் உயர்த்தி வைத்துப் படுங்கள். அம்மாவுக்குக் கால் வலிக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள், ஆனால் நாற்காலி கேட்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், மதுரை)

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம் போன்றவை நாள்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். நண்பர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடவே போடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் அப்படி அடிமையாக்குபவை அல்ல, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.