கருவையை வெட்டக் கொடுக்கும் முன் தூர் யார் பொறுப்பு என்று கேளுங்கள்

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா இருந்தவரை மிளகாயும் சோளமும் போட்டார். அண்ணன் தம்பி எல்லோரும் வெளியூர் வந்துவிட்டதால் பதினைந்து வருஷமாகத் தரிசு. இப்போது முழுக்க சீமைக்கருவேலம். கரி வியாபாரி ஒருவர், தானே வெட்டிக்கொண்டு பணமும் தருவதாகச் சொல்கிறார். மாமாவோ ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்துவிடச் சொல்கிறார். டீசல் ஊற்றினால் பட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். கிணறு வற்றியதற்கும் இந்த மரம்தான் காரணமாம். கோர்ட் உத்தரவு வேறு இருக்கிறதாமே? மறுபடி விவசாயம் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: 6 ஏக்கரையும் ஒரே வருஷத்தில் காலி செய்யும் எண்ணத்தை விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வரும் புரட்டாசியில் உங்களால் எத்தனை ஏக்கர் விதைக்க முடியும்? உழவுக்கூலி, விதை, களைக்கு ஆள், நேரில் போய் நிற்க உங்களுக்குக் கிடைக்கும் நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2 ஏக்கர் என்று வந்தால் 2 ஏக்கரை மட்டும் தூரோடு, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையோடு எடுங்கள். மீதி நிலத்தில் கருவை அப்படியே நிற்கட்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கருவையை எடுத்துவிட்டுப் பயிர் வைக்காமல் போட்ட நிலத்தில், அடுத்த மழைக்கே அது முன்பைவிட நெருக்கமாக முளைத்து வரும். பெரிய மரமாக நிற்கும்போது இடையில் நடந்து போகலாம். புதிதாக அடர்ந்து வரும் முள்புதருக்குள் ஆடுகூட நுழையாது. அதை எடுக்கும் செலவும் அதிகம், விறகாக விற்கவும் ஒன்றும் தேறாது.

இனி வியாபாரி விஷயம். இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், அதுவும் யாரும் ஏமாற்றாமலே. கரிக்கு வேண்டியது மணிக்கட்டு கனமும் அதற்கு மேலும் உள்ள கட்டைகள். வியாபாரியின் ஆட்கள் அதைத் தரையோடு வெட்டி எடுத்து, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி மூட்டம் போடுவார்கள். 4, 5 டன் விறகு எரிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரி மிஞ்சும். அவர்கள் தொழில் அத்தோடு முடிந்தது. தூர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அது மறுபடி வெட்டுக்கு வந்துவிடும் என்பதால் தூரை எடுப்பதில் வியாபாரிக்கு எந்த லாபமும் இல்லை. அவர் ஊரில் பேசும் 'வெட்டு' அதுதான், அதற்குத்தான் பணம் தருகிறார். நீங்கள் மனதில் வைத்திருப்பது வேறு.

கருவையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு மரம் நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து கொம்பு கிளம்பும். அந்த மொட்டுப் பகுதியோடு சேர்த்து, தரைக்குக் கீழே ஓர் அடி வரை எடுத்துவிட்டால் அதற்கும் கீழே இருக்கும் வேர் துளிர்ப்பதில்லை. ஆக ஆணிவேர் முழுவதையும் தேடித் தோண்ட வேண்டியதில்லை. தோண்டி முடியவும் முடியாது: இதே இனத்து மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் வெட்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது மேல் ஓர் அடி மட்டும்.

ஆகவே இப்படிப் பேசுங்கள். மரத்தை வியாபாரிக்கே கொடுங்கள், நல்ல விலையும் கேளுங்கள்; வரும் பணத்தைத் தூர் பிடுங்கும் இயந்திரத்துக்கு ஒதுக்குங்கள். அல்லது விலையைக் குறைத்துக்கொண்டு, தூரோடு எடுத்துத் தர வேண்டும் என்று அவரையே ஒத்துக்கொள்ள வையுங்கள், எழுத்தில். வாய்ப்பேச்சில் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். எனக்கு முதல் வழிதான் பிடித்தது. தூர் எடுக்கும் வேலையில் அக்கறை உள்ளவர் நிலத்துக்காரர் மட்டுமே, அதனால் அந்த வேலை நடக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையிலும் மணிக்கணக்கில் இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும். தனியாரிடம் முன்பணம் கொடுக்கும் முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள். தரிசைச் சாகுபடிக்குக் கொண்டுவர கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் முள்புதர் அகற்ற உதவி தரப்பட்டு வந்திருக்கிறது. அந்த உதவி இப்போதும் உண்டா, உங்கள் ஊராட்சிக்குக் கிடைக்குமா என்பதை வட்டார வேளாண் அலுவலகத்தில் சொல்வார்கள்.

மாமா சொன்ன ஜேசிபி யோசனையில் பாதி சரி. தூர் பிடுங்க அது வேண்டும். மொத்தமாக வழிப்பதுதான் கூடாது. பதினைந்து வருஷம் கருவை நின்ற நிலத்தின் மேல்மண் உங்கள் அப்பா உழுத மண்ணைவிட வளமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது பயறு, உளுந்து குடும்பத்தைச் சேர்ந்த மரம். காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். இலை உதிர்ந்து மக்கி மண்ணில் கரிமம் கூடும். வட இந்தியாவில் களர் நிலங்களைத் திருத்தவே இதை வேண்டுமென்று நட்டுப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இயந்திரத்தின் வாளி அந்த நாலைந்து அங்குல மண்ணைச் சுரண்டி வரப்போரம் குவித்துவிட்டால், மரம் உங்களுக்குக் கொடுத்த வாடகையை நீங்களே தூக்கி எறிந்த மாதிரி. ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தூரைக் கொத்தி எடுத்து, மண்ணை உதறிவிட்டுப் போட வேண்டும், தரையை வழிக்கக் கூடாது. மணிக்கணக்கு கொஞ்சம் கூடும். கூடட்டும்.

நேரம் என்று பார்த்தால் தையும் மாசியும் நல்லது. உங்கள் பக்கத்துக் கரிசல், மழைக்காலத்தில் வண்டியைப் புதைத்துவிடும், சித்திரையில் பாறையாக இறுகிவிடும். தை, மாசியில் அடிமண்ணில் ஈரம் இருப்பதால் தூர் முழுசாக வரும். கோடையில் நெற்று பழுத்து உதிரும் முன்பே மரத்தை எடுத்துவிடுவதால் அந்த வருஷ விதையும் நிலத்தில் விழாது. அப்புறம் கோடை உழவு. வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

டீசல், உப்பு, பழைய இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் களைக்கொல்லியை டீசலில் கலந்து அடிமரத்தில் பூசும் முறை உண்டு, ஆனால் அங்கே கொல்வது களைக்கொல்லி. டீசல் அதைப் பட்டைக்குள் கொண்டுபோகும் ஊடகம், அவ்வளவுதான். பயிர் வைக்கப்போகும் மண்ணில், கிணற்றுக்குப் பக்கத்தில், நூற்றுக்கணக்கான தூரில் டீசல் ஊற்றுவது காசையும் மண்ணையும் சேர்த்துக் கெடுப்பது.

மரம் போன பிறகுதான் உண்மையான வேலை. மண்ணுக்குள் பல வருஷத்து விதை கிடக்கிறது. ஓடு கெட்டியான விதை, எல்லாம் ஒரே மழையில் முளைத்துத் தீராது. மூன்று நான்கு பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். மழை பெய்து ஒரு மாதத்துக்குள் கையால் பிடுங்கினால் கீரைத்தண்டு மாதிரி வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் விட்டால் வேர் கீழே இறங்கி மண்வெட்டி கேட்கும். அதனால் முதல் வருஷம் மிளகாய் வேண்டாம். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு உங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கும், தெரியும். ஆனால் மிளகாய் வரிசைக்கு நடுவே வெயில் விழும் இடமெல்லாம் கருவைக்கன்றுக்கும் இடம்தான். தரையை மூடும் பயிராக வையுங்கள்: நெருக்கி விதைத்த சோளம், குதிரைவாலி, இல்லை என்றால் தக்கைப்பூண்டு. தக்கைப்பூண்டு உவரையும் ஓரளவு தாங்கும். பூக்கும் சமயம், அதாவது 45 முதல் 50 நாளில், மடக்கி உழுதால் அதனுடன் முளைத்த கருவைக்கன்றுகளும் சேர்ந்து புரண்டுவிடும். விதைக்கும் முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கார அமில நிலை 8.5க்கு மேல் போனால் ஜிப்சம் இட வேண்டியிருக்கும், அளவை ஆய்வகத்திலேயே எழுதித் தருவார்கள்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: கிடை. எருவுக்காகக் கோடையில் ஆட்டுக்கிடை போடுவது, அதாவது மந்தையை வயலில் அடைத்து வைப்பது, உங்கள் பக்கத்தில் நல்ல வழக்கம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த மாதங்களில் ஆடும் மாடும் வழியெல்லாம் தின்று வருவது இனிப்பான கருவை நெற்று. சதை செரித்துவிடும், விதையில் ஒரு பங்கு சேதமில்லாமல் புழுக்கையோடும் சாணியோடும் வந்து, எருவோடு உங்கள் வயலில் விதைபடும். முதல் மூன்று வருஷம் கிடை போடாதீர்கள், அல்லது நெற்று உதிராத மாதமாகப் பார்த்துப் போடுங்கள். பக்கத்துத் தரிசிலிருந்து மழைத்தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் இறங்கும் மடையையும் கவனியுங்கள். நெற்று மிதந்து வரும்.

வெட்டும்போது நாட்டுக்கருவேலையும் உடைமரத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். கூலிக்கு வெட்டுபவருக்கு முள் என்றால் எல்லாம் ஒன்று. நாட்டுக்கருவேலின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ நீண்ட கதிர், நெற்று தட்டையாக மஞ்சளாக இருக்கும். நிற்க வேண்டிய மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும். உங்கள் நிலம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களுக்கு அருகில் என்றால் (2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை இரண்டும்) மாசிவரை பறவைகள் கூட்டில் இருக்கலாம். வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கிணறு விஷயத்தில் மரத்தின் மேல் பாதிப் பழியைத்தான் போடுவேன். ஆழவேர் மரம் கோடையிலும் பசுமையாக நிற்கிறது என்றால் நிலத்தடியில் இருந்து குடிக்கிறது என்றுதான் அர்த்தம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, மழையைத் தடுக்கிறது, பிராண வாயுவே விடாது, நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் கைபேசியில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கண்மாய் நிரம்பினால் கிணறு ஊறும் என்றிருந்தால், போய்ப் பார்க்க வேண்டிய இடம் வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். அங்கே மண்டிய கருவை, தண்ணீரைக் குடிப்பதைவிட வரவிடாமல் அடைப்பதில்தான் அதிகக் கேடு செய்யும். அதை நீங்கள் தனியாக வெட்ட முடியாது, பொது இடம். ஊராட்சி மூலம்தான் போக வேண்டும்.

கோர்ட் உத்தரவைப் பற்றி: 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் அகற்றச் சொன்னது. பிறகு சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் உங்களைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. எனக்குக் கவலை வேறு இடத்தில். பதினைந்து வருஷத்தில் வரப்பு எது, எல்லைக்கல் எது என்று தெரியாமல் போயிருக்கும். வியாபாரியின் ஆட்கள் மரம் இருக்கும் வரை வெட்டிக்கொண்டே போவார்கள். பக்கத்துப் பட்டாவிலோ ஓடைப் புறம்போக்கிலோ கோடாரி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சர்வேயரை வைத்து அளந்து, கல் ஊன்றி, கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பிகளிடம் ஒப்புதலை எழுதி வாங்கிய பிறகு வியாபாரியிடம் முன்பணம் வாங்குங்கள்.