நான்கு வருடமும் வீணா?

அன்பின் ஐயா,

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். புற்றுநோயின் மூலக்கூற்று உயிரியலில் ஆய்வு செய்ய விருப்பம். வெளிநாட்டில் ஐந்தாறு வருடம் என்கிறார்கள். அதற்குள் கல்யாண வயசு போய்விடும், இங்கேயே லேப்பில் ஒரு வேலை எடு என்கிறார் அம்மா. எனக்கும் பயம்தான். தெரிந்த அக்கா ஒருவர் நான்கு வருடம் ஆய்வு செய்தபின், தான் ஆய்வுகூடத்தில் வளர்த்துவந்தவை தான் நினைத்த கலங்களே (செல்கள்) அல்ல, வேறு ஏதோ கலங்கள் என்று கண்டுபிடித்தார். நான்கு வருடமும் வீண். இப்படியான வேலைக்கு வாழ்க்கையைக் கொடுக்கலாமா? இதையெல்லாம் தமிழில் எழுத முடியுமா என்றும் அறிய ஆவல்.

ப., வெள்ளவத்தை

அன்பின் ப.,

தமிழில் எழுத முடியும், எழுதுங்கள். கல்யாண வயசு பற்றி உங்கள் அம்மாவோடு வாதாட நான் ஆள் இல்லை. ஆனால் 'நான்கு வருடமும் வீண்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபின் இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த அக்கா தன் கலங்கள் பிழை என்று தானே கண்டுபிடித்து, தானே வெளியே சொல்லியிருக்கிறார். அதற்கு நீங்கள் வைத்த பெயர் வீண். கோபம் வந்தது, பிள்ளை.

பி53 என்ற புரதம் பற்றிப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருப்பீர்கள். அதன் கதையை யாராவது சொன்னார்களா? 1979இல் சில குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தப் புரதத்தைக் கண்டன. அமெரிக்காவில் ஆர்னல்ட் லெவினின் ஆய்வுகூடம் அவற்றில் ஒன்று. ஒரு குரங்கு வைரஸ் கெடுத்துவிட்ட கலங்களுக்குள், வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது அது. புற்றுக் கலங்களில் நிறையக் காணப்பட்டது. அதன் மரபணுவை வேறு கலத்துக்குள் விட்டால் அந்தக் கலமும் கெடுவதற்குத் துணைபோனது. சரி, இது புற்றை வளர்க்கும் மரபணு என்று முடிவானது. பத்து வருடம் அதுதான் பாடம். அப்புறம் பார்த்தால், எல்லோர் கையிலும் இருந்த மரபணுப் பிரதிகளில் பல விகாரமடைந்தவை, அதாவது மாற்றம் ஏற்பட்டுப் பழுதானவை. விகாரமில்லாத பி53 புற்றைத் தடுத்தது. 1989இல் அதைக் காட்டியவர்களில் லெவினின் குழுவும் உண்டு. பெருங்குடல் புற்றை ஆராய்ந்த பெர்ட் வோகல்ஸ்டைனின் குழுவும் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தது. டி.என்.ஏ. சேதமானால் கலம் பிரிவதை நிறுத்துவதும், சீராக்க முடியாவிட்டால் கலத்தைச் சாகவைப்பதும்தான் அதன் வேலை. மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் அந்த மரபணு பழுதாகியிருக்கிறது.

கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லெவினே பத்து வருடம் கழித்து, இத்தனை காலம் தலைகீழாக விளங்கிவைத்திருந்தோம் என்று தன் ஆய்வுகூடத்திலிருந்தே காட்டினார். அந்தப் பத்து வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடிகள்), மரபணுவின் பிரதிகள் எல்லாம் அந்தப் பிழையான காலத்தில் உருவானவை. அவை இல்லாமல் பிழையே தெரிந்திருக்காது.

என் அம்மம்மா வெற்றிலை போடுவார். புகையிலை தொடமாட்டார், அதனால் நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை. 1993இல் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படை வந்து, பிறகு புண்ணானது. சம்பல் எரிகிறது என்று ஒதுக்கினார். சூடு என்று இளநீர் கொடுத்தோம். கூட்டிப்போன வைத்தியர், கூர்ப்பல் குத்துகிறது என்று பல்லைப் பிடுங்கி, பூச மருந்து தந்தார். ஏழு மாதம் பூசினோம். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும்போது புற்று கழுத்து நெறிகளுக்கும் (நிணநீர்க் கணுக்கள்) பரவியிருந்தது. அம்மம்மா போனபின் அந்த வைத்தியரிடம் திரும்பப் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. பிழை விட்டுவிட்டேன், இப்படி இன்னொருவர் வந்தால் உடனே அனுப்புவேன் என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் போனேன். "நீங்கள்தான் பிந்தி வந்தீர்கள்" என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்றது. புகையிலை இல்லாத வெற்றிலைக்குப் போதிய சான்று இல்லை என்று அப்போது விட்டிருந்தது. 2004இல் அதைத் திருத்தி, புகையிலை இல்லாத வெற்றிலையும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தருபவைதான் என்று வெளியிட்டது. அம்மம்மாவுக்கு அது பிந்திய செய்தி. ஆனாலும் அந்தத் திருத்தத்தை வாசித்த அன்று, அந்த வைத்தியரிடம் கேட்கப் போன வார்த்தை கடைசியில் யாரோ சொல்லிவிட்டது போல இருந்தது. பாக்குவெட்டியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பத்தை அனுப்புங்கள். அதற்கு முன் அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். அவர் காதுபட 'வீண்' என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். கலங்கள் மாறியிருக்கின்றன என்று முதலில் எதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது என்றும் கேளுங்கள். அதை எனக்கும் எழுதுங்கள்.